ஒரே மலை, பல பாறைகள்: கிரானைட் வகைகளைப் பிரித்தறிவது எப்படி?

மலைகளில் வெண்மை, சிவப்பு, கருமை எனப் பல நிறங்கள் இருப்பதைத் திருக்குர்ஆன் (35:27) நமக்குச் சுட்டிக்காட்டுகிறது. அரஃபாவில் ஹாஜிகள் காணும் ஜபலுர் ரஹ்மா குன்றைப் பொதுவாகக் கிரானைட் என்பார்கள். புவியியலாளர்களோ ‘கிரானோடயோரைட்’ என்கிறார்கள். என்ன வேறுபாடு?

பூமிக்கடியில் பாறைக்குழம்பு மற்ற பாறைகளுக்குள் புகுந்து, மெதுவாக ஆறி இறுகிய திரளே ‘ஊடுருவல்’. மெதுவாக ஆறியதால் அதன் தாதுக்கள் கண்ணுக்குத் தெரியுமளவு வளர்ந்திருக்கும்.

அளவுகோல்

ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் வகுத்த முறையே இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. கருநிறத் தாதுக்களை ஒதுக்கிவிட்டு குவார்ட்ஸ், கார ஃபெல்ட்ஸ்பார், பிளாஜியோகிளேஸ் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையை 100 எனக் கொள்வார்கள். குவார்ட்ஸ் 20 முதல் 60 விழுக்காடு இருந்தால் அது கிரானைட் குடும்பம். அடுத்து, மொத்த ஃபெல்ட்ஸ்பாரில் பிளாஜியோகிளேஸின் பங்கைப் பார்ப்பார்கள்:

- 10 விழுக்காட்டுக்குக் கீழ்: கார ஃபெல்ட்ஸ்பார் கிரானைட்
- 10 – 65: கிரானைட்
- 65 – 90: கிரானோடயோரைட்
- 90க்கு மேல்: டோனலைட்

இதற்காகப் பாறையைச் சுமார் 0.03 மி.மீ. தடிமனுள்ள சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துத் தாதுக்களைப் புள்ளி புள்ளியாக எண்ணுவார்கள்.

ஒரே திரளுக்குள் மாற்றம்

ஒரே ஊடுருவல் தொகுதிக்குள்ளும் பாறை மாறும். நன்கு ஆராயப்பட்ட உதாரணம், அமெரிக்காவின் யோசெமிட்டி பகுதியிலுள்ள டுவாலமி தொகுதி. அதன் ஓரத்தில் கருநிறத் தாதுக்கள் மிகுந்த கிரானோடயோரைட், உள்ளே செல்லச் செல்ல வெளிர் நிறம், பெரிய ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள், நடுவில் கிரானைட். ஓரம் சுமார் 9.5 கோடி ஆண்டுகள் பழமையானது. நடுப்பகுதி சுமார் 8.5 கோடி. அதாவது, அது ஒரே தடவையில் உருவானதல்ல. குழம்பு பல கட்டங்களாக வந்து சேர்ந்திருக்கிறது. பாறைகளைச் சரியாகப் பிரித்ததும் இந்த வரலாற்றை அறிய உதவியது.

நிறம் போதுமா?

போதாது. சிவப்பு பெரும்பாலும் கார ஃபெல்ட்ஸ்பாரால் வருகிறது. ஆனால் அதே தாது வெள்ளையாகவும் இருக்கும். கடைகளில் ‘கறுப்பு கிரானைட்’ என விற்கப்படுபவற்றில் பல கிரானைட்டே அல்ல. டோலரைட், கேப்ரோ போன்ற வேறு பாறைகள்.

ஆகவே மேற்கண்ட வசனத்தை இந்த அட்டவணையோடு வலிந்து பொருத்தத் தேவையில்லை. மனிதர் வகுத்த அட்டவணை நாளை திருத்தப்படலாம். இறைவசனம் அதைச் சார்ந்து நிற்கவில்லை. வசனம் நம்மைப் பார்க்கச் சொல்கிறது. அடுத்த வசனமோ, அல்லாஹ்வை அஞ்சுவோர் அறிவுடையோரே என்கிறது. கவனமாகப் பார்ப்பதும், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்வதும் அந்த அறிவின் ஒழுக்கம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.