முப்பதுக்கு எத்தனை?

"இது என்ன வருஷம்? என்ன மாசம்? இப்போ எந்த ஊர்ல இருக்கோம்?" என்று தொடங்கும். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். அடுத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும்: 93, 86, 79, 72, 65. கணக்கில் மனம் மூழ்கியிருக்கும்போதே, "முன்னாடி சொன்ன மூணும் ஞாபகம் இருக்கா?" என்று கேள்வி வரும். ஒரு தாளை வலது கையால் வாங்கி, இரண்டாக மடித்து, தரையில் போட வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். கடைசியாக, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். மொத்தம் 30 மதிப்பெண்.

எம்.எம்.எஸ்.இ. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும், நினைவையும் சிந்தனையையும் அளக்கும் இந்தச் சோதனை 1975இல் அமெரிக்காவில் பிறந்தது. மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ மூவரும் வெளியிட்டார்கள். அன்றைக்கு இருந்த சோதனைகள் நீளமானவை. நினைவு தடுமாறும் முதியவர் அவ்வளவு நேரம் தாங்க மாட்டார். ஐந்து பத்து நிமிடத்தில் படுக்கையருகிலேயே முடிகிற ஒன்று தேவைப்பட்டது. வந்த வேகத்தில் அது உலகம் முழுக்கப் பரவியது.

பரவப் பரவ, அதன் குறையும் தெரிந்தது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த மதிப்பெண்கள் 1993இல் வெளியாயின. ஒன்பது வருடமாவது பள்ளி சென்றவர்களின் இடைநிலை மதிப்பெண் 29. நான்கு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. நோயைத் தேடப் போன தாள் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே அளந்துகொண்டிருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் அதை வைத்து என்ன செய்வது? ஹரியானாவின் பல்லப்கரில் கிராமத்து முதியவர்களைச் சந்தித்த இந்திய அமெரிக்க ஆய்வாளர்கள் தாளையே மாற்றினார்கள். 1995இல் வெளியான இந்தி வடிவத்தில் ஏழு ஏழாகக் கழிப்பதற்குப் பதில் கிழமைகளைப் பின்னிருந்து சொல்ல வேண்டும். வாக்கியம் எழுதுவதற்குப் பதில், "உங்க வீட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். அதே வடிவம் பிறகு, முதியவர்களின் மறதிநோயை ஆராயும் லாசி-டாட் ஆய்வின் வழியாக இந்தியாவின் பல மாநிலங்களுக்குப் போனது. 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு.

இந்தத் தாளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: மாற்றத்தை அளப்பது. போன வருடம் 27, இந்த வருடம் 25 என்றால் மூளை தேய்கிறது என்று அர்த்தமா? இரவு தூக்கம் கெட்டிருக்கலாம், காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். மறுமுறை எழுதுகிறவருக்குக் கேள்வி பழகிப்போய், உள்ளே நடக்கும் சரிவு வெளியே தெரியாமலும் போகலாம். இரண்டு மூன்று மதிப்பெண் அப்படி இப்படி அசைவது சாதாரணம்.

மருந்து ஆய்வுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அல்சைமர் நோய்க்கான லெகனமாப் மருந்தின் ஆய்வில் சேர இதே தாளில் 22க்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும். பலனை அளந்ததோ சி.டி.ஆர். என்ற வேறொரு அளவுகோல். வீட்டு வேலை, வெளி விவகாரம், தன்னைப் பராமரித்துக்கொள்வது பற்றியெல்லாம் அது கேட்கும். நோயாளியோடு நிற்காமல் கூட இருப்பவரையும் விசாரிக்கும். 2022இல் வந்த முடிவு: 18 மாதத்தில், மருந்து எடுத்தவர்களின் சரிவு மற்றவர்களைவிட 0.45 புள்ளி குறைவு. அளவுகோலின் மொத்தம் 18. கணக்குப்படி வித்தியாசம் உண்மையானதுதான். ஆனால் 0.45ஐ வீட்டில் இருப்பவர்கள் உணர்வார்களா என்பதில் மருத்துவர்களே இரு தரப்பாக நிற்கிறார்கள்.

ஆகவே அப்பாவுக்கு 24 என்று யாராவது சொன்னால், உடனே கலங்க வேண்டாம். 29 என்றால் நிம்மதியாகத் தூங்கிவிடவும் வேண்டாம். முதல் தாளை ஃபைலில் வைத்திருங்கள், அடுத்ததோடு ஒப்பிட அதுதான் உதவும். பென்ஷன் பணத்தை எண்ணி வாங்குகிறாரா, மாத்திரையைத் தானே பார்த்து எடுக்கிறாரா, எந்த வேலையைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முப்பதுக்குள் அடங்காத பாதி அங்கேதான் இருக்கிறது.