ஹெட்போனில் சுத்தம், கேமராவில் கரகரப்பு: 'ரிட்டர்ன் ஆடியோ' எதற்கு?

பேட்டி முடிந்து ஃபுட்டேஜைப் போட்டால் குரல் கரகரன்னு கேட்கும். களத்தில் ஒலிப்பதிவாளரின் ஹெட்போனில் எல்லாம் சரியாகத்தானே கேட்டது?

அவர் கேட்டது, தோளில் மாட்டியிருந்த ரெக்கார்டரின் ஒலி. அது கேமராவுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு கதை. ரெக்கார்டர் லைன் லெவலில் அனுப்ப, கேமராவின் இன்புட் 'மைக்' நிலையில் இருந்தால் குரல் சிதைந்துவிடும். நடுவில் கேபிள் கழன்றாலும் ரெக்கார்டரின் மீட்டர் வழக்கம்போல ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

அதைப் பிடிப்பதற்குத்தான் ரிட்டர்ன். கேமராவின் ஹெட்போன் அவுட்டிலிருந்து ஒலி திரும்ப ரெக்கார்டருக்கு வரும். ஸ்விட்சைத் தட்டினால் காதில் கேட்கும். சவுண்ட் டிவைசஸ் 552 போன்ற கருவிகளில் போவது, வருவது இரண்டுக்கும் 10 பின் ஹிரோஸ் கனெக்டர் ஒன்றே போதும்.

ஷூட்டுக்கு முன் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்பி, கேமரா மீட்டரைப் பார்த்து, ரிட்டர்னிலும் கேட்டுவிடுவது வழக்கம். முழு நேரமும் அதிலேயே கேட்பது சரிவராது. கேமராவின் ஹெட்போன் சர்க்யூட்டே இரைச்சல் போடலாம். டிஜிட்டல் கேமராவில் ஒலி சற்றுத் தாமதமாகவும் வரலாம்.

இன்னொன்று, பல கேமராக்களில் ரிட்டர்னில் கேட்பது உள்ளே நுழைந்த ஒலி மட்டுமே. கார்டில் பதிவானதா என்பது சில விநாடி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பேட்டி கொடுத்தவர் கிளம்பும் முன் அதைச் செய்துவிட வேண்டும்.