காரணமா, விளைவா: கழுத்துக்குள் இருக்கும் நான்கு சுரப்பிகளின் கதை

குறொன்லாண்டில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவின் மேசைமேல் இரண்டு போத்தல்கள் எப்போதும் இருக்கும். ஒன்று, நோர்வேஜியர் 'த்ரான்' என்று சொல்லும் மீனெண்ணெய். மற்றையது கல்சியம் குளிசை. முழங்கால் நோ, களைப்பு, மறதி, மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் அவர் ஒரே காரணம்தான் சொல்வார்: "வெயில் இல்லாத நாடு பிள்ளை, வேறென்ன?"

கடந்த மாரியில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கல்சியம் 2.71, இங்கு வழமையான மேல் எல்லை ஏறத்தாழ 2.5. பராதைரொயிட் ஹோர்மோனும் கூட. விற்றமின் டி குறைவு. இந்த மூன்றையும் சேர்த்து எப்படி வாசிப்பது என்று தேடப்போன நான், ஒரு காண்டாமிருகத்தில் போய் நின்றேன்.

1849இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் இந்தியக் காண்டாமிருகம் ஒன்று இறந்தது. அதை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன், தைரொயிட் சுரப்பியோடு ஒட்டிய சிறு மஞ்சள் நிறக் கட்டி ஒன்றைக் குறித்துவைத்தார். அது என்னவென்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை. 1877இல், நோர்வேயும் சுவீடனும் ஒரே மன்னரின் கீழ் இருந்த காலத்தில், உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த ஈவார் சான்ட்ஸ்ட்ரோம் அதையே ஒரு நாயின் கழுத்தில் கண்டார். பிறகு ஐம்பது மனித உடல்களில் தேடிப் பார்த்து, 1880இல் எழுதி, பெயரும் வைத்தார். பெரும்பாலானோருக்கு நான்கு, ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணியளவு. அந்தக் கட்டுரையை அன்று கவனித்தவர்கள் மிகக் குறைவு.

இந்தச் சுரப்பிகளை எடுத்துவிட்டால் மிருகங்களுக்கு வலிப்பு வந்தது. கல்சியம் கொடுத்தால் அது அடங்கும் என்பதை 1909இல் மக்கலமும் வொக்ட்லினும் காட்டினார்கள். இரத்தத்தில் கல்சியம் குறையும்போது இவை ஹோர்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கின்றன, கூடினால் அடங்குகின்றன.

அடுத்த தவறு வியன்னாவில் நடந்தது. எலும்பு நலிந்து இறந்தவர்களின் உடலில் இச்சுரப்பிகள் பெருத்திருப்பதை யாக்கோப் எர்ட்ஹைம் கண்டார். எலும்பு நோயைச் சமாளிக்கவே அவை பெருத்தன என்று எண்ணினார். 1915இல் ஷ்லாகன்ஹௌஃபர் வேறொரு கேள்வி கேட்டார்: ஒன்று மட்டும் பெருத்திருந்தால், அதுவே நோய்க்குக் காரணமாக இருக்காதா? பத்து ஆண்டுகள் கழித்து, எலும்பு நொந்து நடக்க முடியாதிருந்த ஒரு ட்ராம் நடத்துனர் சத்திரசிகிச்சை நிபுணர் ஃபெலிக்ஸ் மாண்டலிடம் வந்தார். மாண்டலும் முதலில் பழைய எண்ணத்தையே நம்பி, இன்னொருவரின் பராதைரொயிட் திசுவை அவருக்கு ஒட்டினார். பயனில்லை. பிறகு 1925 யூலையில் கழுத்தைத் திறந்து கட்டியை எடுத்தார். நோயாளி மறுபடி நடந்தார். சில ஆண்டுகளில் நோய் திரும்பியது உண்மை. ஆனால் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

அமெரிக்கக் கப்பல் தலைவர் சாள்ஸ் மார்ட்டலுக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. எலும்பு கரைந்து ஏறத்தாழ ஏழு அங்குலம் குள்ளமாகிப்போன அவருக்கு 1926 முதல் ஏழு சத்திரசிகிச்சைகள் நடந்தன. கடைசியில் 1932இல் கட்டி நெஞ்சுக்குள் அகப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்துபோனார்.

1963இல் பேர்சனும் றோசலின் யலோவும் தம் சகாக்களோடு இந்த ஹோர்மோனை இரத்தத்தில் அளக்கும் வழி கண்ட பிறகே, கழுத்தைத் திறக்காமல் யோசிக்க முடிந்தது. தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் பேசாது. கல்சியம் சரியாகவோ குறைவாகவோ இருந்து ஹோர்மோன் கூடினால், பெரும்பாலும் அது விற்றமின் டி குறைந்ததன் விளைவு. சிறுநீரக நோயிலும் அப்படி நடக்கும். கல்சியம் கூடியும் ஹோர்மோன் அடங்காதிருந்தால், சுரப்பியே காரணம் என்ற ஐயம் எழும். அதிலும் சில மருந்துகளையும் பரம்பரைக் காரணத்தையும் விலக்கிப் பார்க்கவேண்டும். கல்சியம் கூடி ஹோர்மோன் அடங்கிவிட்டால், புற்றுநோய் உட்பட வேறிடத்தில் தேடவேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு முதற்கதை நன்றாகத் தெரியும். ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்பவர்களையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வில், விற்றமின் டி அளவு அங்கே சராசரி 54, இங்கே 31. அதனால் எந்த நோவுக்கும் வெயிலைக் குற்றஞ்சொல்லப் பழகிவிட்டோம். அது பொய்யல்ல. ஆனால் ஒரே ஆளிடம் இரண்டு கதைகளும் இருக்கலாம். தெரிந்த கதை தெரியாததை மறைத்துவிடும். எர்ட்ஹைமுக்கு நடந்ததும் அதுதான்.

அம்மாவின் கல்சியம் குளிசையைக் குடும்ப வைத்தியர் நிறுத்தச் சொன்னார். மீனெண்ணெயைத் தொடரவா என்பதை நிபுணர்தான் சொல்வார். மறுபரிசோதனையிலும் கல்சியம் இறங்கவில்லை. அடுத்த கிழமை நிபுணரிடம் போகிறோம். மூன்று எண்களையும் ஒரே தாளில், திகதியோடு, வரிசையாக எழுதி அம்மாவின் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப வெயில் இல்லையோ பிள்ளை?"

"வெயிலும்தான் அம்மா," என்றேன்.