அசையுஞ் சித்திரமும் நம் இளைஞரும்

நிலையாக நிற்கும் படத்தை நடக்கவும் ஓடவும் ஆடவும் வைக்கும் கலைக்கு அசைவூட்டம் என்று பெயர். திருமண அழைப்பாயினும், ஆலய உற்சவ அறிவித்தலாயினும், கடைத் திறப்பு விழாவாயினும், எழுத்துக்கள் பறந்து வந்து வரிசையில் அமர்வதையும், விளக்குச் சுடர் அசைவதையும் இன்று நாம் கைத்தொலைபேசித் திரையிற் காண்கின்றோம். கணினியின் முன் இரவு நெடுநேரம் விழித்திருந்து இவற்றைச் செய்வோர் நம் இளைஞரே. "பிள்ளைகள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?" என்று முதியோர் வினவுவது இயல்பு. "இது நேற்று வந்த புது வித்தை" என்று இளைஞர் எண்ணுவதும் இயல்பு. இவ்விரு சாராருக்கும் இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அசைவூட்ட மென்பொருள்களிலே நாள்தோறும் வழங்கும் சொல் ஒன்று உண்டு. அது 'கீபிரேம்' என்பது. ஓர் அசைவின் தொடக்கம் எது, முடிவு எது, திருப்பம் எது என்று கலைஞன் குறித்துக் காட்டும் தலைமைப் படமே கீபிரேம். வேலி அடைப்போர் முதலிற் கதியால்களை இடம் பார்த்து நடுவர். அதன் பின்னரே இடைவெளியைக் கிடுகினால் நிரப்புவர். கதியால் கோணினால் வேலி முழுவதும் கோணும். அசைவூட்டத்திற் கதியாலாக நிற்பது கீபிரேம். கிடுகாக வருவன இடைப்படங்கள்.

கண்ணும் கணக்கும்

அசையும் படத்தின் கதை பெல்ஜியத்தில் வாழ்ந்த ஜோசப் பிளாட்டோ என்னும் விஞ்ஞானியோடு தொடங்குகிறது எனலாம். அவர் 1832ஆம் ஆண்டில் ஒரு வட்டத் தட்டின் ஓரத்தைச் சுற்றிச் சிறிது சிறிதாக வேறுபடும் படங்களை வரைந்து, அதைச் சுழற்றிக் கண்ணாடியில் நோக்கும் கருவியொன்றைச் செய்தார். தட்டிலே தனித்தனியாக நின்ற உருவங்கள் கண்ணுக்கு ஒரே உருவம் ஆடுவதாகத் தோன்றின. கண்ணுக்கு இவ்விருந்தளித்த அவர் 1843ஆம் ஆண்டளவிற் பார்வையை முற்றாக இழந்தார் என்பது மனத்தை உருக்கும் செய்தியாகும்.

பேசும் படம் பிறந்த காலத்தில், அதாவது 1920களின் இறுதியில், சினிமாவுக்கு வினாடிக்கு 24 படம் என்ற கணக்கு நிலைபெற்றது. 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினி கைக்கொண்ட முறையில் வினாடிக்கு 25 படம். பத்து நிமிடச் சித்திரப் படம் ஒன்றுக்கு 14,400 படச் சட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு வரைபடத்தையும் இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் 7,200 படங்களைக் கையால் வரைந்தாக வேண்டும். இந்தக் கணக்கின் பாரமே கீபிரேம் முறையைப் பெற்றெடுத்தது.

தலைமை ஓவியரும் இடைப்பட ஓவியரும்

அமெரிக்கச் சித்திரக்காரர் வின்சர் மக்கே 1914இல் 'கேர்ட்டி' என்னும் பழங்கால மிருகத்தைத் திரையில் உலாவ விட்டார். அவர் படங்களை ஒன்று முதல் இறுதிவரை வரிசையாக வரைந்து செல்லவில்லை. முக்கிய நிலைகளை முதலில் வரைந்தார். பின்பு அவற்றின் நடுவிலுள்ள நிலையை வரைந்தார். அதன் பின்பு அந்த நடுவுக்கும் நடுவை வரைந்தார். இதனால் அசைவின் காலக்கணக்குப் பிசகவில்லை.

வோல்ட் டிஸ்னியின் கூடத்திலே இம்முறை பெருந் தொழிலாயிற்று. தேர்ந்த ஓவியர் தலைமைப் படங்களை வரைவர். இளைய ஓவியர் இடைப்படங்களை நிரப்புவர். அவற்றைத் தெளிதாளிற் பிரதி செய்து வர்ணந் தீட்டுவோர் பெரும்பாலும் பெண்கள். 1937இல் வெளிவந்த 'ஸ்னோ வைட்' 83 நிமிடம் ஓடுவது. அதனைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,20,000 படச் சட்டங்கள் வரும். ஆயினும் இடைப்படம் வரைந்தோரிற் பலருடைய பெயர் திரையில் வரவில்லை. அவர்களுடைய ஊதியமும் சொற்பம். 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கூடத்தில் வேலைநிறுத்தம் மூண்டதற்கு இந்த ஏற்றத்தாழ்வும் ஒரு காரணம். கலை வரலாற்றைப் படிக்கும்போது, திரையிற் கண்ட அழகோடு திரைக்குப் பின்னால் நின்ற கைகளையும் நாம் நினைத்தல் வேண்டும்.

இந்தியாவுக்கு இக்கல்வி முறையாக வந்தது 1956இல். இந்தியாவிற் பிறந்து டிஸ்னியின் கூடத்திற் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாயிலிருந்த அரசாங்கப் படப்பிரிவுக்கு வந்து அங்குள்ள இளைஞரைப் பயிற்றினார். புத்த ஜாதகக் கதையொன்றைத் தழுவிய 'ஆலமரத்து மான்' 1957இல் உருவாயிற்று. அங்கு பயின்றவர்களில் ஒருவரான ராம் மோகன், யப்பானியரோடு சேர்ந்து இராமாயணத்தை முழுநீளச் சித்திரப் படமாக்கி 1992இல் முடித்தார். சென்னையிலும் 2000ஆம் ஆண்டில் பாண்டவர் கதை முழுநீளக் கணினிப் படமாயிற்று. திரௌபதை அம்மன் உற்சவத்திற் பாரதக் கதையை ஆண்டுதோறும் நடத்திக் காட்டும் பாண்டிருப்பு மக்களுக்கு இச்செய்தி மகிழ்வளிக்கும்.

கணினி கற்ற பாடம்

இடைப்படம் வரையும் வேலையைக் கணினிக்குக் கற்பித்தவர்கள் கனடா தேசத்தார். அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த நெஸ்டர் பேர்ட்னிக் 1969இல் கலிபோர்னியாவில் ஒரு மாநாட்டுக்குச் சென்றார். தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை வரைய, உதவியாளர் இடைவெளியை நிரப்பும் முறையை டிஸ்னி கூடத்து ஓவியர் ஒருவர் அங்கே விளக்கினார். 'இந்த உதவியாளரின் வேலையைக் கணினி ஏன் செய்யக் கூடாது?' என்ற எண்ணம் பேர்ட்னிக்குக்கு உதித்தது. அவரும் மார்செலி வெயினும் சேர்ந்து அதற்கான மென்பொருளை ஆக்கினர்.

அதனைக் கொண்டு பீற்றர் போல்டஸ் என்னும் கலைஞர் 1974இல் 'பசி' என்ற 11 நிமிடப் படத்தை ஆக்கினார். அடங்காது உண்டு பருத்த ஒருவனைப் பட்டினி கிடந்தோர் இறுதியிற் சூழ்ந்து விழுங்குவதே அதன் கதை. கேன்ஸ் விழாவில் அது நடுவர் பரிசு பெற்றது. ஒஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது. கீபிரேம் மென்பொருளுக்காகப் பேர்ட்னிக்கும் வெயினும் 1997இல் ஒஸ்கார் கழகத்தின் தொழில்நுட்ப விருதைப் பெற்றனர். கணினிக் கீபிரேமின் முதற் பெரும் படம் பசியைப் பற்றியது என்பதை நாம் மறத்தலாகாது.

1993இல் 'ஆப்டர் எபெக்ட்ஸ்' என்னும் மென்பொருள் வெளிவந்தது. பெருங் கூடங்களில் மட்டும் நடந்த வேலை மேசைக் கணினிக்கு இறங்கிற்று. 2002இல் 'பிளெண்டர்' மென்பொருளை அதன் அன்பர்கள் 1,00,000 யூரோ திரட்டி மீட்டு, எவரும் விலையின்றிப் பயன்படுத்தும்படி விடுவித்தனர். 20 இலட்சத்துக்கும் குறைந்த மக்களைக் கொண்ட லத்வியா நாட்டு இளைஞர் ஒருவர், அதே பிளெண்டரைக் கொண்டு இயக்கிய 'புளோ' என்னும் படம் 2025இல் ஒஸ்கார் பரிசைப் பெற்றது. சிறிய நாட்டாரால், விலையில்லாக் கருவியால் இது இயலுமாயின், நம்மால் இயலாதென்பது பொருந்தாது.

ஊஞ்சல் கற்பிக்கும் இலக்கணம்

இனி இக்கலையின் அடிப்படையைக் காண்போம். மரக்கிளையிற் கட்டிய ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். கயிறு இரண்டு மீற்றர் அளவாயின், ஒரு பக்க உச்சியிலிருந்து மறுபக்க உச்சிக்குச் செல்ல ஏறக்குறைய ஒன்றரை வினாடி ஆகும். வினாடிக்கு 24 படமெனின் அது 36 படத் தூரம். தொடக்கத்தில் ஒரு கீபிரேமும் முடிவில் ஒரு கீபிரேமும் வைத்தால், இடையிலுள்ள 35 படங்களையும் கணினியே நிரப்பிவிடும்.

ஆனால் இங்கேதான் புதிதாகக் கற்பவர் தடுமாறுவர். ஊஞ்சற் பலகையின் இடத்தை மட்டும் இரு முனைகளிலுங் குறித்தால், கணினி அதை நேர்கோட்டிலே இழுத்துச் செல்லும். மெய்யான ஊஞ்சலோ வளைந்து செல்வது. ஆதலின் இடத்தை மாற்றாமற் சுழற்சியை மாற்ற வேண்டும். சுழலும் ஆதாரப் புள்ளியைப் பலகையின் நடுவிலிருந்து பெயர்த்துக் கயிறு கட்டிய கிளையில் வைத்தல் வேண்டும். இது முதற் பாடம்.

இரண்டாம் பாடம் வேகம் பற்றியது. கணினியை அதன் போக்கில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவாகவே ஊஞ்சலை நகர்த்தும். அது சுவர்க் கடிகாரத்தின் முள் போலத் தோன்றுமேயன்றி ஊஞ்சல் போலத் தோன்றாது. ஊஞ்சல் உச்சியில் தயங்கும், நடுவில் விரையும், மறு உச்சியில் மீண்டுந் தயங்கும். இந்தத் தயக்கத்தைக் கீபிரேமுக்குக் கொடுக்கும் கட்டளையே 'ஈசி ஈஸ்' எனப்படுவது. வேகத்தை வளைகோடாகக் காட்டும் வரைபடமும் மென்பொருளில் உண்டு. அவ்வளைகோட்டின் கணிதம் சித்திரக்காரரிடமிருந்து வந்ததன்று. 1960ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பிரான்சிய மோட்டார்க் கம்பனிகளில் வாகன உடலை வடிவமைத்த பெசியே, காஸ்தெல்ஜோ ஆகியோரிடமிருந்து வந்தது.

மூன்றாம் பாடம், எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதில்லை என்பது. மின்விளக்கு எரிவதும் அணைவதும் படிப்படியாக நிகழ்வதன்று. அத்தகைய இடங்களில் ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு இடைப்படமின்றித் தாவும் கீபிரேமை வைப்பர்.

இவற்றால் விளங்குவது யாது? இடைவெளியைக் கணினி நிரப்பும். அந்த இடைவெளியின் உண்மை அதற்குத் தெரியாது. உலகை உற்று நோக்கிய கண்ணே அதனைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அலையின் கீபிரேம்கள்

இந்த உண்மை நமக்கு வெறும் அழகு பற்றியதன்று. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாளை நம் கரையோரம் மறவாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவின் அருகே கடலடி அதிர்ந்தது. ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் கடந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அலை நம் வாசலுக்கு வந்தது. அதிர்வு ஒரு கீபிரேம்; அலை கரையேறியது மற்றொரு கீபிரேம். இவற்றின் இடையிலே உயிர் பிழைக்கும் அவகாசம் இருந்தது. ஆனால் இந்து சமுத்திரத்துக்கு அன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. நடுவில் நடப்பது என்னவென்று நம் மக்களுக்குத் தெரியவும் இல்லை.

அந்த நடுவையே நாம் படமாக்க வேண்டும். 4,000 மீற்றர் ஆழமுள்ள கடலில் அவ்வலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் விரையும். ஆழம் 10 மீற்றராகும்போது மணிக்கு 36 கிலோமீற்றர் அளவுக்குத் தளரும். வேகம் தளரத் தளர உயரம் ஓங்கும். இரண்டு கீபிரேம்களை வைத்து ஒரே வேகத்தில் அலையை நகர்த்துபவன் பார்வையாளருக்குப் பொய்யைக் கற்பிக்கிறான். ஆழ்கடல், கரையோர ஆழம், கரை என்று இடம் பார்த்துக் கீபிரேம் நட்டு, வேக வளைகோட்டைத் திருத்துபவனோ ஓர் உண்மையைக் கற்பிக்கிறான்: தளர்ந்த பின்னும் அலை மனிதன் ஓடும் வேகத்திலும் விரைவானது, ஆதலின் அலையைக் கண்ட பின் ஓடுவதிற் பயனில்லை, எச்சரிக்கை கேட்டவுடனே உள்நாடு நோக்கிச் செல்ல வேண்டும். இரண்டு நிமிடப் படமொன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதனைத் தெளியக் காட்டும்.

அந்நாளின் பின் பிறந்தோர் இன்று வாலிபர். அவர்களுக்கு அலை ஒரு கேள்விச் செய்தி. மூத்தோருக்கோ கண்ணாற் கண்ட செய்தி. எத்தனை மணிக்கு நீர் வந்தது, எந்த ஒழுங்கை வரை ஏறியது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு நின்றது, எவ்வழியே சென்றோர் பிழைத்தனர் என்பன அவர்கள் நெஞ்சிலே உள்ளன. இவையே இப்படத்தின் தலைமைப் படங்கள். மூத்தோர் உள்ளபோதே இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாவிடின் எக்கணினியும் அவற்றை நிரப்பித் தராது. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் கேட்பதோடு அமையாது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் சென்று கேட்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே இழந்த நாள் அது. ஒருங்கே சொல்லவேண்டிய கதையும் அது.

இளைஞரே! திருமண அழைப்பில் எழுத்தைப் பறக்க விடும் அதே விரலால் இதனைச் செய்யலாம். கருவி உங்கள் மேசையில் இருக்கிறது. கணக்கு மேலே தரப்பட்டிருக்கிறது. பெரியோர்களே! அவர்கள் வந்து கேட்கும்போது கதவைத் திறந்து, கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மலர் வெளிவரும் நாளில் அத்தகைய படமொன்று நம் பாடசாலைகளில் ஓடுமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவர்களாவோம்.