பிரம்பும் ஏணியும்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில், தமிழ்நாட்டிலும் தெலுங்கு தேசத்திலும் ஒரே பெயரோடு வழங்கிய தண்டனை ஒன்று உண்டு: பாடம் ஒப்பிக்காத பிள்ளையை உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றித் தொங்கச் செய்வதற்குக் கோதண்டம் என்று பெயர். அதை இட்ட உபாத்தியாயர்கள் யாவரும் கொடியவர்கள் என்று சொல்வதற்கில்லை. பயமே வித்தைக்கு வாயில் என்பது பெற்றோர் உள்ளிட்ட எல்லோருடைய சித்தாந்தமாகவும் இருந்தது. அந்தச் சித்தாந்தத்தைக் கைவிடுமாறு உபாத்தியாயர்களைப் பழக்கிய சரித்திரத்தில், 2022 வரை சித்தூர் ஜில்லாவோடு இருந்த மதனப்பள்ளிச் சீமைக்குத் தனி இடம் உண்டு.

தத்துவ சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895 இல் பிறந்தது அவ்வூரில்தான். பத்து வயதில் தாயை இழந்து, மலேரியாவால் மெலிந்து, எங்கோ பார்த்தபடி நின்ற அந்தப் பையன், 1909 இல் தந்தையோடு அடையாற்றுக்கு வந்தபின் மயிலாப்பூர்ப் பள்ளியில் மந்தபுத்தி என்று கருதப்பட்டு அடிக்கடி பிரம்படி பட்டான். அந்த அடியிலிருந்துதான் அவருடைய கல்விக் கொள்கை முளைத்தது என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும் பயமும் ஒப்பீடும் உள்ள இடத்தில் கல்வி இல்லை என்பதை அவர் ஆயுள் முழுவதும் சொல்லிவந்தார். மதனப்பள்ளிக்கு அருகே 1926 இல் நிலம் வாங்கித் தொடங்கிய முயற்சியே ரிஷிவேலிப் பள்ளியாக வளர்ந்தது.

ரிஷிவேலி வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளி என்ற குறை அன்றும் சொல்லப்பட்டது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்த முற்பட்டபோதுதான் அக்கொள்கை ஏழை வீட்டு வாசலுக்குச் சென்றது. அங்கே பாடப்புத்தகத்துக்குப் பதில் அட்டைகள். சுவரில் ஓர் ஏணிப் படம். பிள்ளை தன் படியைப் பார்த்துத் தட்டிலிருந்து தனக்குரிய அட்டையை எடுத்துக்கொள்ளும். வேர்க்கடலை அறுவடைக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும், விட்ட படியிலிருந்து தொடரலாமேயொழிய, 'தவறிவிட்டாய்' என்ற சொல்லைக் கேட்க வேண்டியதில்லை. இதைப் பாடம் கற்பிக்கும் உபாயம் என்றே பலரும் புகழ்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இது முதலாவதாகப் பாலர் மனத்துக்குச் செய்த ரக்ஷை. உபாத்தியாயரின் பயிற்சியும் அதற்கேற்றதே: கரும்பலகையின் முன் நின்று அதிகாரம் செய்த மனிதர் பாயில் பிள்ளைகளோடு சம்மணமிட்டு அமர்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்க்கப் பழக வேண்டும். முப்பது பேரும் ஒரே பாடத்தைக் கோஷித்தபோது தெரியாத வாடிய முகம், முப்பது பேரும் வெவ்வேறு வேலையில் இருக்கும்போது தானே தெரிந்துவிடுகிறது.

2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளும், சில ஆண்டுகளில் தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்தும் இம்முறையைச் செயல்வழிக் கற்றல் என்று ஏற்றன. குழந்தைக்கு எட்டும் கீழ்மட்டக் கரும்பலகையும், குழந்தைகளின் சித்திரங்கள் தொங்கும் கம்பிப் பந்தலும் ஊர்தோறும் தோன்றின. அட்டைகளை விரைவில் அச்சிட்டு அனுப்ப முடிந்த அளவுக்கு ஆசிரியரின் மனத்தைத் திருப்ப முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தது. 2020 இல் மத்திய அரசு, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாகப் பயிற்றும் திட்டத்தைத் தொடங்கி, மனநலத்தையும் அதில் ஒரு பாடமாக வைத்தது. அத்திட்டம் முதலில் கைக்கொண்டது ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்பவர்களை. மதனப்பள்ளிக் கிராமங்களின் ஏணியோ ஐந்தாம் வகுப்போடு முடிகிறது.