தோளில் ஏறிப்போன பாதிரியார்களும் ஆமோஸும்

கொடைரோடு ஸ்டேஷனில் முதல்முறை இறங்குகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். குளிராவது, மேகமாவது... வெயில் மண்டையைப் பிளக்கும்! கொடைக்கானலுக்கு அங்கிருந்து இன்னும் சுமார் 80 கிலோமீட்டர்.

1875-ல் இங்கே ரயில் வந்தது. அதன்பிறகு மலைக்குப் போன வெள்ளைக்காரர்கள் இங்கே இறங்கி, மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு வழியாக அடிவாரம் போவார்கள். அதற்கு மேல்? துரை நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, கூலியாட்கள் அவரைத் தோளில் சுமந்தபடி மலையேறுவார்கள்! அப்படிப் போனவர்களில் அமெரிக்கன் மதுரை மிஷன் பாதிரியார்களும் உண்டு. சொல்லப்போனால், 1845-ல் கொடைக்கானலில் முதன்முதலில் பங்களா கட்டிய வெள்ளைக்காரர்களே அவர்கள்தான்.

இதே மிஷன், ரயில் வருவதற்கெல்லாம் முன்பே, 1847-ல் ஒரு பெரிய காரியம் செய்தது. மதுரை, திண்டுக்கல் பக்கத்து உபதேசியார்கள் ஒரே வேதத்தைத்தான் படித்தார்கள். சாப்பாடு என்று வந்தால் மட்டும் சாதி பார்த்தார்கள். 'சாதியை விட்டால்தான் சபையில் இடம்' என்று மிஷன் கறாராகச் சொல்லிவிட்டது. விட்டாச்சு என்பதை எப்படி நிரூபிப்பது? எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குப் பெயர் 'அன்பின் விருந்து'! பலர் வேலையை வேண்டுமானால் விடுகிறோம், பந்தியில் உட்கார மாட்டோம் என்று போயே போய்விட்டார்கள். 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் இதே சோதனையை சிபாரிசு செய்தது. லைப்சிக் லுத்தரன்கள் மட்டும் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை.

'தீர்க்கதரிசிகள் செய்ததைத்தானே மிஷனரிகளும் செய்தார்கள்' என்று தோன்றும். பாதிதான் உண்மை. ஏன் என்று தெரிய ஆமோஸைப் பார்க்க வேண்டும்.

தீர்க்கதரிசி என்றாலே நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லும் ஜோசியர் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஆமோஸ் அந்த ரகம் இல்லை. ஆடு மேய்த்து, காட்டத்தி மரங்களைக் கவனித்துக்கொண்டிருந்த கிராமத்து ஆள். ஊர் தெக்கோவா; எருசலேமுக்குத் தெற்கே இருக்கிறது. காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டு. வடக்கே இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட இஸ்ரவேலில் பணம் கொழித்தது. அங்கே பெத்தேலில் இருந்த ராஜாவின் கோயிலுக்கே போய் நின்றார் மனிதர்!

அவர் ஆரம்பித்த விதம்தான் அபாரம். முதலில் தமஸ்கு, காசா, தீரு என்று பக்கத்து நாட்டுக்காரர்களின் பாவங்களை வரிசையாக அடுக்கினார். கேட்டவர்கள் 'அப்படிப் போடு!' என்று குஷியாகி இருப்பார்கள். திடீரென்று அவர்கள் பக்கமே திரும்பினார். ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழையை விற்கிறீர்கள், தராசில் ஏமாற்றுகிறீர்கள், தந்தக் கட்டிலில் புரள்கிறீர்கள், உங்கள் பண்டிகையும் பாட்டும் கடவுளுக்குப் பிடிக்கவில்லை... என்று விளாசிவிட்டார். (தந்தக் கட்டில் கற்பனை அல்ல. இருபதாம் நூற்றாண்டில் சமாரியாவைத் தோண்டியபோது தந்த வேலைப்பாட்டுத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன!)

கோயில் குரு அமத்சியாவுக்குக் கோபம். ராஜாவுக்கு எதிராகச் சதி என்று புகார் அனுப்பிவிட்டு, ஆமோஸிடம் 'உன் ஊருக்கே போய்ப் பிழைத்துக்கொள்' என்றார். அடுத்த சில பத்து வருடங்களில், கி.மு. 722 வாக்கில், சமாரியா அசீரியர்களிடம் வீழ்ந்தது.

மிஷனரிகள் பக்கத்து வீட்டுப் பாவத்தைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால், தங்களைச் சுமந்த தோள்களைப் பற்றி ஆமோஸ் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்த மாதிரி தெரியவில்லை!

நம்மவர்கள் மட்டும் என்னவாம்? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் எழும்பிய மாதா கோயிலில் இரண்டு சாதிகளுக்கு இரண்டு பகுதிகள், பேன்ட்டின் இரண்டு கால்கள் மாதிரி! நடுத்தடுப்பை 1910-ல் பாதிரியார் இடித்தபோது, மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 1950-ம் வருட ஜனாதிபதி உத்தரவால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அது அநீதி என்று திருச்சபைகள் பல வருடங்களாகக் கேட்டுவருகின்றன. கேட்கட்டும், நியாயம்தான். ஆனால் அவர்கள் கை நீட்டுவது டெல்லியை நோக்கி. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் (இப்போது கள்ளக்குறிச்சி) எறையூரில், பாகுபாடு தாங்காத தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். மோதிக்கொண்ட இரு தரப்பும் ஒரே மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள்.