க்ஷயத்தின் வேடத்தில் வரும் நோய்

இருமலும் காய்ச்சலும் நீடித்து உடம்பு இளைத்துவிட்டால், ஜாசின், அலோர்காஜாப் பக்கங்களில் எஞ்சியுள்ள தோட்டங்களில் அதற்கு ஒரே பெயர்தான்: க்ஷயம். அப்பெயரிட டாக்டர் வரவேண்டியதில்லை. அடுத்த வீட்டுக் கிழவியே போதும். க்ஷயம் நம்மவரிடை உண்டென்பது மெய்யே. ஆயினும் அதன் வேடம் பூண்டு வரும் பிறிதொரு நோயும் உண்டு. அதன் சரித்திரத்தில் நமக்குப் பங்குமுண்டு.

1911-இல் ரங்கூன் பிணவறையில் ஆல்பிரட் விட்மோர் என்னும் வெள்ளைக்கார டாக்டரும், அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும், பிச்சைக்காரர், மார்பியா ஊசிக்கு அடிமையானோர் முதலியோரின் உடல்களை அறுத்து ஆராய்ந்தனர். நுரையீரலில் சீழ்க்கட்டிகள் காணப்பட்டன. குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயை அது ஒத்திருந்தது, கிருமியோ வேறு. 1912-இல் இருவர் பெயராலும் கட்டுரை வெளிவந்தது. உலகமோ அதை 'விட்மோர் நோய்' என்றே வழங்கலாயிற்று! பிணத்தை அறுத்த கைகள் நான்கு. பெயர் பெற்றவை இரண்டு.

1913-இல் கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையத்துப் பிராணிகளிடை அந்நோய் தோன்றியது. 1917-இல், வாந்திபேதி போன்ற குறிகளுடன் வந்த ஒரு தமிழ் ரப்பர்த் தோட்டத் தொழிலாளியிடம் அக்கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. மலாயா நாட்டில் இந்நோயின் சரித்திரம் நம் பால்மரக் காட்டு மனிதர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. 1921-இல் ஸ்டாண்டன், பிளெச்சர் என்பார் 'மெலியாய்டோசிஸ்' என்று பெயரிட்டனர். எலிகளே இதைப் பரப்புவதாக அவர்கள் கருதினர். கிருமி வாழ்வது மண்ணிலும் தேங்கிய நீரிலும் என்பது பின்னரே தெளிந்தது. ஆகவே லயம் அசுத்தமென்று தொழிலாளியைப் பழிப்பது வீண். மழைச்சேற்றில் வெறுங்காலுடன் நிற்கச் செய்யும் வேலையே வழி திறக்கிறது.

இவ்விரு நோய்களிலும் நுரையீரலில் கணுக்கட்டிகளும் குழிகளும் உண்டாகலாம்; எக்ஸ்ரே படம் மட்டும் பார்த்தால் டாக்டரும் மயங்குவார். சளி, இரத்தம், சீழ் ஆகியவற்றிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதே நிச்சயமான சோதனை. க்ஷயத்துக்கான வழக்கமான மருந்துகளால் இது தீராது. தாயத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். நீரிழிவு உள்ளோரை இது எளிதிற் பற்றும். நம்மவரிடை நீரிழிவு எவ்வளவு மலிந்துள்ளதென்பதை யாவரும் அறிவர்.

1989-இல் வெளியான தாய்லாந்துச் சோதனையொன்றில், கடுமையாய் நோயுற்றோரின் இறப்பு செப்டாசிடிம் ஊசியால் நூற்றுக்கு 74-இலிருந்து 37 ஆகக் குறைந்தது. குறைந்தது 10 முதல் 14 நாள் ஊசி; அதன்பின் கோட்ரிமோக்சசோல் மாத்திரை 3 மாதமேனும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தி வேலைக்குத் திரும்புவோரை நாம் காண்கிறோம். நாட்கூலி போய்விடுமே என்ற கவலை அவர்களுக்கு. அவ்வாறு நிறுத்தியோரிடம் நோய் மீண்டும் தலைகாட்டுவதுண்டு, சில வேளை ஆண்டுகள் கழித்து.